வேலையோடு முனைவர் பட்டம்: பிஎச்டியா, புரொஃபஷனல் டாக்டரேட்டா?

இங்கிலாந்தில் மருத்துவமனையிலோ முதியோர் பராமரிப்பிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பார்ட் டைம் பிஎச்டி, இன்னொன்று முதலில் பாடங்களும் (மாட்யூல்), பிறகு வேலையை ஒட்டிய ஆராய்ச்சியுமாகப் போகும் புரொஃபஷனல் டாக்டரேட். நான் இரண்டாவதில் சேர்ந்து, முதியோர் வார்டில் நர்ஸாக இருந்தபடியே ஆறு வருடத்தில் முடித்தேன். பிஎச்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதே ஆண்டு அதில் சேர்ந்த தோழியைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். அதனால் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோரும் முதலில் கேட்பதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே எட்டாம் நிலைப் பட்டம், அதாவது இங்கிலாந்தின் மிக உயர்ந்த கல்வி நிலை. இரண்டிலும் வெளித் தேர்வாளர் உட்கார்ந்து வைவா என்ற வாய்மொழித் தேர்வு நடத்துவார். இரண்டு பேரும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். ("அப்போ மருந்துச் சீட்டு எழுதுவியா?" என்று ஊரில் சித்தி இன்னும் கேட்கிறார்.) பிஎச்டி தீசிஸ் 80,000 சொற்கள் வரை போகும், புரொஃபஷனல் டாக்டரேட்டில் பெரும்பாலும் 40,000 முதல் 60,000. அதைப் பார்த்து இது சுளுவு என்று நினைத்துவிட வேண்டாம், மிச்சத்தை முதல் இரண்டு ஆண்டின் மாட்யூல் கட்டுரைகளில் எழுத வைத்துவிடுவார்கள்.

பணமும் தீர்மானிக்காது. அரசின் டாக்டரல் கடன் இரண்டு படிப்புக்கும் ஒன்றுதான். 2018-ல் 25,000 பவுண்டில் தொடங்கியது, இப்போது 30,000-ஐத் தாண்டிவிட்டது. சம்பளத்தில் 21,000 பவுண்டுக்கு மேல் வருவதில் 6 சதவீதம் பிடிப்பார்கள். ஸ்கில்டு ஒர்க்கர் எனும் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கடன் கிடையாது, சேமிப்பிலிருந்துதான் கட்ட வேண்டும். ஒரு விதிவிலக்கு: என்ஐஎச்ஆர் (அரசு நிதியில் இயங்கும் சுகாதார ஆராய்ச்சி அமைப்பு) ஃபெலோஷிப் கிடைத்தால் சம்பளத்தோடு படிக்கலாம். போட்டி கடுமை. கிடைத்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் பிஎச்டியில் சேர்ந்துவிடுங்கள்.

சரி, எது தீர்மானிக்கிறது? என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான்: விட்ட இடத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது.

காலை ஏழரைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வெளியே வரும் லாங் டே தொடர்ந்து மூன்று நாள். நான்காவது நாள் தூக்கத்தில் போகும். ஐந்தாவது நாள் லேப்டாப்பைத் திறந்தால், போன வாரம் எந்தக் கட்டுரையில் எந்த வாதத்தில் நின்றோம் என்பதே மறந்திருக்கும். பிஎச்டியின் முதல் ஆண்டு முழுக்கப் படிப்பதும் கேள்வியைச் செதுக்குவதும்தான். மாதக்கணக்கில் எதையும் கொடுத்தாக வேண்டிய தேதி இருக்காது. தோழிக்கு வாரத்தில் கிடைத்தது ஐந்து மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம், தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கவே போய்விடும் என்பாள். மாட்யூல் அப்படியில்லை. 5,000 சொல் கட்டுரை, தலைப்பும் தேதியும் உண்டு, எட்டு வாரத்தில் முடிந்துவிடும். நூல் அறுந்தாலும் சின்ன நூல். போதாததற்கு அதே தேதிக்கு எழுதும் பன்னிரண்டு பேர் வாட்ஸ்அப்பில் புலம்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிசியோ, இரண்டு சோஷியல் ஒர்க்கர், ஒரு கேர் ஹோம் மேனேஜர். அந்தப் புலம்பலே பாதி தள்ளிவிட்டது.

ஆனால் மாட்யூல் முடிந்து மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் பேட்ச் கலைந்துவிடும். அங்கேதான் நானும் விழுந்தேன். எட்டு மாதம் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. தூக்கி நிறுத்தியது வார்டுதான்.

என் தலைப்பு, டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்கள் வார்டிலிருந்து கேர் ஹோமுக்குப் போகும்போது அவர்களைப் பற்றிய எந்தத் தகவல் கூடப் போகிறது என்பது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு பெரியவரை அனுப்பினோம். அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்று எழுத ஒரு படிவம் இருக்கிறது. அது வெறுமையாகவே போனது. சனிக்கிழமை காலை அங்கிருந்து போன்: "குளிக்கவே மாட்டேன்கிறார், நீங்கள் எப்படிக் குளிப்பாட்டினீர்கள்?" பதில் எங்கள் உதவியாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும். ரேசரைக் கையில் கொடுத்து அவரே ஷேவ் செய்துகொள்ள விட்டால், அப்புறம் சொன்னபடி குளியலறைக்கு வருவார். அது எந்தத் தாளிலும் இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து எழுதினேன். எங்கே விட்டேன் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆராய்ச்சிக் கேள்வியே வேலையிலிருந்து பிறந்தால் கிடைக்கிற லாபம் இதுதான்.

இதற்கும் விலை உண்டு. எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் நான் பேட்டி கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்கள்? அதனால் என் வார்டை விட்டுவிட்டு மற்ற வார்டுகளில் எடுக்க வேண்டியிருந்தது. தோன்றியதையெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது கைமாறும் ஹேண்டோவர் தாளின் பின்பக்கம் கிறுக்கும் பழக்கம் வேறு. நோயாளி பெயர்கள் உள்ள தாள் ஆயிற்றே, ஷிஃப்ட் முடிந்ததும் ரகசியக் கழிவுப் பெட்டிக்குள் போட்டே ஆக வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தின் நல்ல யோசனை ஒன்று அப்படித்தான் பெட்டிக்குள் போனது. தாங்களே முடிவெடுத்துச் சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளையே ஆய்வில் சேர்ப்பதானால், 2005-ம் ஆண்டு மென்டல் கபாசிட்டி சட்டப்படி எத்திக்ஸ் கமிட்டி தனியாக அனுமதிக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகாமல் ஊழியர்களோடு நிறுத்திக்கொண்டேன். நடுவில் வேலை மாறினால் தலைப்பே ஆட்டம் காணும் என்பதும் உண்டு. எனக்கு அது நேரவில்லை.

தோழி கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் அவள் மேலாளரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாளைப் படிப்புக்கென்று எழுத்தில் வாங்கிக்கொண்டாள். ஜனவரியில் வார்டு நிரம்பி வழிந்தபோதும் அந்த நாளை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு ஏழு மாதம் முன்னாலேயே வைவா முடித்துவிட்டாள். அப்படி ஒரு நாள் உறுதியாகக் கிடைக்குமானால் நான் மேலே சொன்ன வாதத்தில் பாதி விழுந்துவிடும். பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலைக்கோ, ஊருக்குத் திரும்பி நர்சிங் கல்லூரிக்கோ போகிற எண்ணம் இருந்தாலும் பிஎச்டி பக்கம் சாய்வதே பத்திரம் என்று தோன்றுகிறது. நான் வார்டை விட்டுப் போகாதவள், அந்த விஷயத்தில் என் பேச்சைப் பாதிக் காதால் கேட்டால் போதும்.

வாரம் முழுக்க ரோட்டாவின் (ஷிஃப்ட் அட்டவணை) தயவில் ஓடுகிறவர்கள் என்னிடம் கேட்டால் புரொஃபஷனல் டாக்டரேட் என்றுதான் சொல்வேன். சேருமுன் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடும் ஓபன் டேயில் பேராசிரியரை விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்: உங்களோடு சேர்ந்தவர்களில் இப்போது எத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்?