தளர்ந்த வானோஸ் போல்ட்: வீட்டிலேயே பார்ப்பதா, கராஜில் விடுவதா?

2010 முதல் 2012 வரை வந்த ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் கோணத்தை முன்னும் பின்னும் மாற்றும் வானோஸ் அட்ஜஸ்டரின் முகப்பில் இருக்கும் சின்னப் போல்ட்டுகள் தளர்ந்துவிடும், சில வேளை தலையறுந்தும் விழும். 2014 ஏப்ரலில் கம்பெனியே இதற்காக வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 156,000 கார்கள். என்52, என்55 வகை எஞ்சின்கள்தான் அதில் சிக்கின.

கொழும்பில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த 335ஐ, 528ஐ கார்களை எல்லாரும் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். இப்போதும் அதே கார்கள்தான் ஓடுகின்றன, வயது மட்டும் கூடிவிட்டது. ஆகவே ‘நானே பார்க்கவா, கராஜில் விடவா’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பெரும்பாலானோர் இதைக் காசுக் கணக்காகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: நடுப்போல்ட்டைத் திறக்கவேண்டி வருமா, வராதா?

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அட்ஜஸ்டரின் வெளிக்கூட்டைச் செயின் சுழற்றுகிறது. உள்ளே இருக்கும் இதழ்ச் சக்கரம் கேம்ஷாஃப்டோடு போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒயில் அழுத்தம் புகுந்து கோணத்தை மாற்றுகிறது. முகப்பில் வட்டமாக நிற்கும் சின்னப் போல்ட்டுகள் அந்தக் கூட்டின் தட்டுகளை இறுக்கிப் பிடித்திருப்பவை. நடுவில் இருக்கும் பெரிய போல்ட், முழு அட்ஜஸ்டரையும் கேம்ஷாஃப்டோடு சேர்த்து அழுத்துகிறது. சின்னவை தளர்ந்தால் தட்டுகளுக்கு இடையே ஒயில் கசிந்து அட்ஜஸ்டர் மந்தமாகும். நடுப்போல்ட்டைத் தளர்த்தினாலோ வால்வ் டைமிங்கே, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரமே, உங்கள் கைக்கு வந்துவிடும். இவை பிஸ்டனும் வால்வும் மோதக்கூடிய எஞ்சின்கள். அங்கே ஒரு தவறு விட்டால் போல்ட்டின் விலையோடு போகாது, வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றவேண்டி வரும்.

அறிகுறிகள் பொதுவானவை. எஞ்சின் லைட் எரியும், ஐட்லில் நடுங்கும், இழுவை குறையும், ஸ்டார்ட் பிடிக்க அடம்பிடிக்கும். ஸ்கேன் பண்ணினால் 2ஏ82 (இன்டேக் பக்கம்) அல்லது 2ஏ87 (எக்ஸோஸ்ட் பக்கம்) என்ற பிழைக் குறியீடு, அதாவது ‘கோடு’, வரக்கூடும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஒயில் நன்றாகச் சூடேறி, ஐட்லில் அழுத்தம் குறைந்த நேரத்தில் லைட் எரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் கோடு வந்தவுடன் போல்ட்தான் என்று முடிவெடுக்கவும் வேண்டாம். எஞ்சினின் முன்பக்கத்தில் இரண்டு வானோஸ் சோலினாய்டுகள் (ஒயிலைத் திறந்து மூடும் மின்வால்வுகள்) இருக்கின்றன. அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். கோடு மறுபக்கத்துக்குத் தாவினால் பழி சோலினாய்டில்; அதோடு வேலை முடிந்தது. கோடு அதே பக்கத்தில் நின்றால்தான் டெப்பட் கவரை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, திறக்கும் பேச்சு.

திறந்தபின் முதலில் மனம் போகும் வழி ஒன்று உண்டு: பழைய போல்ட்டையே துடைத்து, திரெட் லொக் என்ற மரைப் பசை பூசி, கைக்கணக்கில் இறுக்கிவிடுவது. மலிவு, ஒரு பின்னேரத்தில் முடியும். இதை நான் ஒப்பீட்டில் ஒரு போட்டியாளராகவே சேர்க்கமாட்டேன். ஒருமுறை தளர்ந்து ஆடிய போல்ட் களைத்துப்போனது. ஒயிலில் ஊறிய துளையில் திரெட் லொக் சரியாகப் பிடிக்காது. கைக்கணக்கில் இறுக்கினால் ஒன்று குறையும், இல்லை கூடி அறுந்து துளைக்குள் மாட்டும்.

அடுத்தது வீட்டுக்காரர் நேர்மையாகச் செய்யக்கூடிய வழி. எந்தப் போல்ட்டும் அறுந்திருக்கக் கூடாது, தளர்ந்து மட்டும் இருக்கவேண்டும். அப்படியானால் புதிய போல்ட் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கியபின்தான் அடுத்ததைத் தொடவேண்டும். அப்போது தட்டுகள் இடம்பெயராது, நடுப்போல்ட்டுக்கும் வேலையில்லை. கீழ்ப்பக்கப் போல்ட்டுகளை மேலே கொண்டுவர, கிராங்க் போல்ட்டில் சொக்கட் போட்டு எஞ்சினைக் கையால் அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

இங்கே பலர் சறுக்குவது இறுக்கத்தை அளந்து காட்டும் டொர்க் ரெஞ்சில். வீல் நட்டுக்கு வாங்கி வைத்த பெரிய ரெஞ்ச், சின்னப் போல்ட்டுக்கு ஆகாது. அதன் அளவுகோல் தொடங்கும் இடத்திலேயே இந்தப் போல்ட் அறுந்துவிடும். கால் அங்குல டிரைவுள்ள சின்ன டொர்க் ரெஞ்ச் வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் எஞ்சின் இலக்கத்துக்குரிய மெனுவலில் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணா சொன்ன கணக்கு வேண்டாம். இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: டெப்பட் கவர் கஸ்கட். இந்த வயதில் அது காய்ந்திருக்கும், கவரை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டால் அடுத்த மாதம் ஒயில் வடியும். கவரைப் பிடிக்கும் போல்ட்டுகளில் அலுமினியம் இருந்தால் அவையும் ஒருமுறைப் பாவனைதான். என்55 என்றால் உயர் அழுத்த பெட்ரோல் குழாய்களுக்குப் பக்கத்தில் கை வைக்கிறீர்கள், எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள்.

இடமும் ஒரு செலவுதான். வெள்ளவத்தை அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் எஞ்சினைத் திறந்துபோட்டு இரண்டு நாள் வைத்திருக்க முகாமைத்துவம் விடுமா? வெளியே என்றால் ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை கேட்டுக்கொண்டு வராது. கூரையும் வெளிச்சமும், கீழே விழுந்த சாமானைத் தேட இடமும் இருந்தால் இந்த வழி நல்லது. இல்லாவிட்டால் கையில் திறமை இருந்தும் பயனில்லை.

போல்ட் ஒன்று அறுந்திருந்தாலோ கணக்கே மாறும். அறுந்த தலை எங்கே? செயின் அறைக்குள் விழுந்து கீழே ஒயில் தங்கும் சம்புக்குப் போயிருக்கலாம். காந்தக் குச்சியால் எட்டினால் அதிர்ஷ்டம். எட்டாவிட்டால் சம்பைக் கழற்றவேண்டும். ஈ90 உடம்பில் (அந்தக் கால 3 சீரிஸ்) அதற்கு எஞ்சினைத் தாங்கும் முன்பக்கச் சட்டமான சப்பிரேமையே இறக்கவேண்டும். தலை கிடைக்காமல் கவரை மூடுவது கூடவே கூடாது. அட்ஜஸ்டரையும் மாற்றவேண்டும். அதாவது நடுப்போல்ட் திறக்கிறது. கேம்ஷாஃப்ட்டுகளைப் பூட்டும் கருவி வேண்டும், எஞ்சின் சுற்றாமல் பிடிக்கப் பிளைவீலில் குத்தும் ஊசி வேண்டும், நடுப்போல்ட் புதிதாக வேண்டும், அதை முதலில் டொர்க்கிலும் பிறகு கோணத்திலும் இறுக்கவேண்டும். கருவியை இணையத்தில் தருவித்து இதையும் வீட்டிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே காருக்கு, ஒரே தடவைக்கு என்றால் எனக்கு அது பொருந்தாத செலவு. பிழைத்தால் தாங்கவேண்டியதும் நீங்கள்தான்.

ஆகவே இந்தக் கட்டத்தில் என் ஓட்டு, ஐரோப்பியக் கார் பார்க்கும் தனியார் கராஜுக்கு. கம்பெனியின் உள்ளூர் ஏஜென்டைவிடக் கூலி குறையும், நேரில் நின்று பார்க்கவும் முடியும். ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுங்கள். டைமிங் பூட்டும் கருவி சொந்தமா, இரவலா? நடுப்போல்ட் புதியதா? ‘பழைய போல்ட்டை எறிஞ்சிடாதீங்க பாஸ், எனக்கு வேணும்’ என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள். தலைகளை எண்ணிப் பார்க்க அது உதவும். மார்க்கர் பேனையால் செயினில் கோடு போட்டு வேலையை முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏஜென்டிடம் போவது செலவு கூடிய வழி. ஆனாலும் ஒரு விஷயத்துக்கு அவர்களை முதலிலேயே பிடிக்கலாம்: சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, உங்கள் கார் திரும்ப அழைத்த பட்டியலில் இருந்ததா, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். பாவித்த காராக வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால் அங்கேயே போல்ட் மாற்றியிருக்கவும் கூடும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த அட்ஜஸ்டர் பற்றி: கதவுக் கண்ணாடி, ஹெட்லைட் என்றால் நானும் அங்கேதான் போவேன். இந்தச் சாமானுக்கு வேண்டாம். அதே ஆண்டுகளின் எஞ்சினிலிருந்து கழற்றியதாயின் அதே போல்ட்டுகளோடுதான் வரும்.

எந்த வழியில் போனாலும் மூடியபின் ஒயிலும் பில்டரும் மாற்றி, பழைய பில்டரை வெட்டி விரித்து உலோகத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். கோடுகளை அழித்துவிட்டு, மீட்டரில் லைட் அணைந்ததை மட்டும் நம்பாமல், சூடான எஞ்சினோடு நெரிசலில் ஒருமுறை ஓட்டி மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள்.