அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பும் சான் ஹோசே அரங்கமும்: எங்கே உட்காருவது, எதை விடுவது

முதல் வரிசை டிக்கெட்டை வாங்காதீர்கள். காசு கூடக் கொடுத்து நஷ்டப்படும் இடம் அது. பனித்தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகை சுமார் மூன்றரை அடி உயரம். ஸ்கேட்டர் உங்கள் பக்கமாக வரும்போது முகம் நன்றாகத் தெரியும், கால் மறைந்துவிடும். ஸ்கேட்டிங்கில் காலை மறைத்துவிட்டால் மிச்சம் என்ன?

அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப் ஆண்டுதோறும் ஜனவரியில் ஊர் மாறி ஊர் நடக்கும். சான் ஹோசேவுக்கு 1996, 2012, 2018, 2023 என நான்கு முறை வந்திருக்கிறது. நான்கும் ஒரே கட்டடத்தில்தான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. இன்றைய பெயர் எஸ்.ஏ.பி. சென்டர். ஐஸ் ஹாக்கி ரசிகர்களுக்கு அது 'ஷார்க் டேங்க்'. 1993இல் திறந்த அரங்கம், ஹாக்கிக்கு 17,000க்கும் மேற்பட்ட இருக்கைகள். இந்தப் போட்டிக்கு அமெரிக்காவில் இதைவிட வசதியான இடம் அதிகம் இல்லை என்பது எங்கள் கணிப்பு. முதல் காரணம் எதிரே இருக்கும் டிரிடான் ரயில் நிலையம். இரண்டாவது காரணம் ஊரே. 1968 ஒலிம்பிக் தங்கம் வென்ற பெக்கி ஃப்ளெமிங் பிறந்த ஊர் இது. 1988இல் வென்ற பிரையன் பொய்டானோ வளர்ந்தது பக்கத்து சன்னிவேலில், 1992இல் வென்ற கிறிஸ்டி யமகுச்சி வளர்ந்தது ஃப்ரீமான்ட்டில். நம்மவர்கள் வாடகை வீடு தேடும் அதே ஊர்கள்தான். 1996இல் சான் ஹோசேக்காரரான ரூடி கலிண்டோ யாரும் எதிர்பாராமல் இதே அரங்கில் ஆண்கள் பட்டத்தை வென்றார். மிஷெல் குவானின் ஒன்பது தேசியப் பட்டங்களில் முதலாவதும் அந்த வாரம் வந்ததுதான்.

இருக்கைக்கு வருவோம், பணம் போவது அங்கேதான். இங்குள்ள தளம் ஹாக்கி அளவு: 200 அடி நீளம், 85 அடி அகலம். மீட்டரில் 61க்கு 26. உலகப் போட்டிகளில் வழக்கமான 60க்கு 30 தளத்தைவிட அகலம் நான்கு மீட்டர் குறைவு. ஸ்கேட்டருக்கு இது நெருக்கடி, பார்வையாளருக்கு லாபம். நடுவர்கள் ஒரு நீளப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடன அமைப்பே அவர்களைப் பார்த்துத்தான். முகபாவம், கை வீச்சு, கடைசி நிலை எல்லாம் அந்தப் பக்கத்துக்கு. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தால் மூன்று நாளும் முதுகுக்குக் கைதட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே டிக்கெட் வாங்குமுன் இருக்கைப் படத்தில் நடுவர் மேசை எந்தப் பக்கம் என்று தேடுங்கள். குறிப்பிடவில்லை என்றால் விற்பனையாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்விக்கான பதில் பத்து வரிசை முன்னே போவதைவிடப் பெறுமதியானது.

கீழ் அடுக்கில் நடுவர் பக்கம், பன்னிரண்டிலிருந்து இருபதாவது வரிசை வரை முதல் தரம். கத்தி பனியில் இழுக்கும் கோடும் தெரியும், தாவலின் உயரமும் தெரியும். அடுத்தது அதே பக்கத்து மூலைகள். விலை இறங்கும், பார்வை அவ்வளவு இறங்காது. லட்ஸ் தாவலுக்குப் பெரும்பாலான ஸ்கேட்டர்கள் மூலையை நோக்கி நீளமாகப் பின்னோக்கி வழுக்கி வருவார்கள். இடது கால் கத்தியின் வெளி விளிம்பில் நின்றபடி எகிற வேண்டும். எகிறும் கணத்தில் கணுக்கால் உள்பக்கம் சரிந்துவிட்டால் அது உள் விளிம்பிலிருந்து எகிறும் 'ஃப்ளிப்' தாவலாகப் பாதி மாறிவிடுகிறது. ரசிகர்கள் கேலியாக 'ஃப்ளட்ஸ்' என்பது இதைத்தான். மூலை இருக்கையில் இது வெறுங்கண்ணுக்கே தெரியும். கோல் கம்பம் நிற்கும் இரண்டு முனைகளிலும் வேகம் நேராக உங்களை நோக்கி வரும், ஜோடிகளின் தூக்குகள் அழகாக இருக்கும். ஆனால் எவ்வளவு தூரம் தாவினார்கள் என்பது பிடிபடாது.

ஐஸ் டான்ஸுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே தாவல் இல்லை. இரண்டு பேரும் தளத்தில் வரையும் கோலம்தான் எல்லாம், கோலத்தை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். மேல் அடுக்கின் மூன்றாவது, நான்காவது வரிசை இதற்கு அருமை, விலையும் குறைவு. முதல் வரிசையில் கைப்பிடிக் கம்பி கண்ணுக்குக் குறுக்கே வரலாம்.

எல்லா அமர்வுக்கும் சேர்ந்த டிக்கெட்டா, தனித்தனியா? குறுநிரலையும் (ஷார்ட் ப்ரோகிராம்) நீள்நிரலையும் (ஃப்ரீ ஸ்கேட்) இரண்டு பிரிவுகளிலாவது முழுதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு மொத்த டிக்கெட்தான் சரி. மற்றவர்கள் பெண்கள் நீள்நிரல் ஒன்று, ஐஸ் டான்ஸ் ஒன்று என்று எடுத்தால் போதும். மொத்த டிக்கெட்டின் உண்மையான மதிப்பு பயிற்சி அமர்வுகளில் இருக்கிறது. அவை டிக்கெட்டில் சேர்த்தியா, எந்தத் தளத்தில் நடக்கின்றன என்று பார்த்தே வாங்க வேண்டும். சில ஆண்டுகள் பயிற்சியும் இளையோர் போட்டியும் வேறு தளத்துக்குப் போய்விடும். பயிற்சியில் ஒவ்வொருவரின் இசையும் முறைவைத்து ஒலிக்கும். யார் நான்கு சுற்றுத் தாவலை முயன்று விழுகிறார், யார் அதைக் கைவிட்டு மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்கிறார், எந்தப் பயிற்சியாளர் பலகையருகே தலையில் கை வைக்கிறார் எல்லாம் அங்கே தெரியும். மறுநாள் முடிவு வரும்போது உங்களுக்கு வியப்பு பாதிதான் இருக்கும்.

ஓர் அமர்வு எவ்வளவு நேரம்? ஒற்றையர் நீள்நிரல் நான்கு நிமிடம், பத்து விநாடி கூடலாம் குறையலாம். உள்ளே வருவது, புள்ளிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். பதினெட்டுப் பேர் என்றால் இரண்டே கால் மணி. ஆறு ஆறு பேராக மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிட வார்ம்-அப். நடுவே சாம்போனி வண்டி பனியைப் புதுப்பிக்கும் இடைவேளை. ஆக மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுநிரல் 2 நிமிடம் 40 விநாடிதான், சீக்கிரம் முடியும்.

இந்த அரங்கின் பெரிய குறை அந்த இடைவேளையில்தான் வெளிப்படும். கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் பொதுவாக ஒரே நடைக்கூடம். சாம்போனி உள்ளே வந்ததும் மொத்தக் கூட்டமும் அதில் இறங்கும். பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றே அடுத்த குழுவின் வார்ம்-அப்பை இழப்பவர்கள் உண்டு. அதற்காக நடுவில் எழுந்து போவதும் ஆபத்து, ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது இருக்கைக்குத் திரும்ப விடமாட்டார்கள், படிக்கட்டின் மேலேயே நிறுத்தி வைப்பார்கள். குழுவின் கடைசி ஸ்கேட்டர் புள்ளிக்காக உட்கார்ந்த நொடியில் எழுந்தால் வரிசையில் முன்னால் நிற்கலாம். அந்தப் புள்ளியை நடைக்கூடத்துத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

சாம்போனியை வேடிக்கை பார்க்க விரும்புபவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம், தப்பில்லை. அந்த வண்டியைக் கண்டுபிடித்த ஃப்ராங்க் சாம்போனி கலிஃபோர்னியாக்காரர்தான், 1949இல் பாரமவுன்ட் ஊரில். மேல்பரப்பைச் சீவிவிட்டு வெந்நீரை ஊற்றுவார்கள். வெந்நீர் பழைய பனியைச் சற்று இளக்கி அதோடு ஒட்டும், காற்றுக்குமிழும் குறைவு. ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு ஹாக்கியைவிட மென்மையான பனி வேண்டும், சுமார் 26 முதல் 28 ஃபாரன்ஹீட். கத்தியின் முன்பல் குத்தித் தாவுவதற்கும் இறங்கும்போது விளிம்பு பிடிப்பதற்கும் அது உதவும். கூடவே குழிகளும் விழும். இடைவேளையில் வாளியும் கையுமாகச் சிலர் குனிந்து ஈரப்பனியால் குழி அடைப்பதைப் பார்க்கலாம். குழுவில் கடைசியாக வருபவர் அந்தக் கீறல் விழுந்த பனியில்தான் ஆட வேண்டும்.

புள்ளி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டிவியில் திரை மூலையில் ஓடும் தொழில்நுட்பப் புள்ளிப் பெட்டியை நம்பிப் பழகியவர்கள் அரங்கில் அதை எதிர்பார்க்க வேண்டாம். சுத்தமாக இறங்கியது போலத் தெரிந்த தாவலுக்குப் புள்ளி குறைந்தால், பெரும்பாலும் சுற்று போதாமல் இருந்திருக்கும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படைப் புள்ளியே வெட்டுப்படும், அரைச் சுற்று குறைந்தால் ஒரு சுற்றுக் குறைவான தாவலாகவே எண்ணுவார்கள். நீள்நிரலின் பிற்பாதியில் வரும் கடைசி மூன்று தாவல்களுக்குப் பத்து சதவீதம் கூடுதல் உண்டு. அதனால்தான் களைத்துப்போன நேரத்தில் கடினமானதை வைக்கிறார்கள், விழுகிறார்கள். அமர்வு முடிந்ததும் ஒவ்வொரு தாவலுக்கும் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற விரிவான தாள் இணையத்தில் வந்துவிடும்.

பதக்க மேடையில் நான்கு பேர் நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் நான்காவது இடத்துக்கும் ப்யூட்டர் பதக்கம் உண்டு. அது தகரக் கலவை. ஒலிம்பிக் ஆண்டில் மேடைக்கும் அணிக்கும் நேர்த் தொடர்பு இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2018இல் இங்கே ஆண்களில் ராஸ் மைனர் இரண்டாவது, ஆடம் ரிப்பன் நான்காவது. ஒலிம்பிக் போனது நேதன் சென், வின்சென்ட் ஜோவுடன் ரிப்பன்தான். முந்தைய போட்டிகளையும் சேர்த்துப் பார்த்துத் தேர்வுக்குழு முடிவெடுக்கும். கடைசிப் புள்ளி வந்ததும் விமானம் பிடிக்கிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கீழ் வரிசைகளில் குளிர் தரையிலிருந்து ஏறும். மேலே கோட் போதும், காலுக்குத்தான் இரண்டு அடுக்கு சாக்ஸ் வேண்டும். குஷன் ஒன்று இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு முதுகு நன்றி சொல்லும். பை அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, அரங்கின் இணையதளத்தில் அன்றைய விதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வீசி எறிவதற்கு அனுமதி இருந்தால் பொம்மை மட்டும் கொண்டுபோங்கள். உதிரிப்பூ வேண்டவே வேண்டாம். பனியில் ஒட்டிய ஓர் இதழ் அடுத்தவரின் கத்தியில் சிக்கினால் போதும்.

உள்ளே விற்கும் உணவு பர்கர், நாச்சோஸ் வகை, விலைக்கு ஏற்ற சுவை இல்லை. மேற்கு சான்டா கிளாரா தெருவில் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் சான் பெட்ரோ ஸ்கொயர் மார்க்கெட், பல கடைகள் ஒரே கூரையின் கீழ். இட்லி தோசைதான் வேண்டும் என்றால் கால்ட்ரெயின் புறநகர் ரயிலில் சன்னிவேல் போய் எல் கமினோ ரியல் சாலையில் தேடலாம். ஆனால் மதிய, மாலை அமர்வுகளுக்கு இடையே போய்வர நேரம் போதாது, காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சான் ஹோசே விமான நிலையம் சில மைல்தான், வி.டி.ஏ. 60ஆம் எண் பேருந்து சான்டா கிளாரா கால்ட்ரெயின் நிலையத்தில் கொண்டுவிடும், அங்கிருந்து ரயிலில் டிரிடான். சான் ஃப்ரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கினால் பார்ட் ரயிலில் மில்ப்ரே, அங்கிருந்து கால்ட்ரெயினில் டிரிடான். சாலையைக் கடந்தால் அரங்கம். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தடத்தில் மின்ரயில்கள் ஓடுகின்றன. அந்த ரயில் வகையின் பெயர் 'கிஸ்', ஸ்கேட்டர்கள் புள்ளிக்காகக் காத்திருக்கும் 'கிஸ் அண்ட் க்ரை' இருக்கையைப் பார்க்கப் போகிற ரசிகருக்குப் பொருத்தம்தான். ஃப்ரீமான்ட்டிலிருந்து வருபவர்கள் பார்ட்டில் பெரியெஸா, பிறகு ரேபிட் 500 பேருந்து. ஏஸ் ரயிலை நம்ப வேண்டாம், அது அலுவலக நேரத்துக்கானது, இரவு திரும்ப உதவாது. கார் கொண்டுவந்தால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் தவம்.

மேற்கே நடப்பதில் ஓர் ஆதாயம்: கிழக்குக்கரை இரவு எட்டு மணி ஒளிபரப்புக்காக வைக்கும் அமர்வு இங்கே மாலை ஐந்துக்கே தொடங்கும். எட்டரை ஒன்பதுக்கு வெளியே வந்துவிடலாம். கால்ட்ரெயினில் ஏறிய பிறகு டிக்கெட் கிடைக்காது. க்ளிப்பர் பயண அட்டையை நடைமேடையிலேயே தட்டிவிட்டு ஏறுங்கள், இறங்கும்போதும் தட்டுங்கள். மறந்தால் கட்டணம் கூடப் பிடித்துவிடுவார்கள்.