ஆயிரம் வெள்ளிக்கு மடிக்கணினி: புதுசா, செகண்ட் ஹேண்டா, குரோம்புக்கா?

கையில் ஆயிரம், ஆயிரத்து முந்நூறு வெள்ளி வைத்துக்கொண்டு மடிக்கணினி தேடுகிறவருக்கு பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வழிதான் உண்டு. பெட்டி பிரிக்காத புது மடிக்கணினி, விலை குறைந்த ரகம். பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் மடிக்கணினி. மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாக கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக். செய்யப்போகிற வேலையும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஏப்ரல், மே வந்தால் வருமான வரி இ-ஃபைலிங், இபிஎஃப் கணக்கு பார்ப்பது, பிள்ளைக்கு டெலிமா என்ற இணையக் கற்றல் தளம், கோயில் திருவிழா வரவு செலவு, இடையில் யூடியூப். இவ்வளவுதான்.

இணையத்தில் வரும் அலசல்கள் எல்லாம் வேகம், திரை, எடை என்று அளந்து மார்க் போடுகின்றன. கடைவீதியிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிற ஊர்க்காரருக்கு அது போதும். இங்கிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். டவன்பி, ஹீவூட் தோட்டங்களில் இருப்பவர் முதலில் டவுனுக்கு வர வேண்டும், பிறகுதான் ஈப்போ. அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது மக்கர் பண்ணினால் இந்த ஊரில் யார் கை வைப்பார்?

புதுசிலிருந்து தொடங்குவோம். 'புதுசு' என்ற சொல்லுக்கே பாதி விலை கொடுக்கிறோம். இந்த விலையில் வரும் புது மடிக்கணினிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று இன்டெல் செலரான் என்4020 போன்ற சிப் போட்டது. சிப்தான் கணினியின் மூளை, அதற்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்தான் கோர். இது 2019-இல் வந்த சிப், இரண்டே கோர். கூடவே 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பிடிக்கும் தற்காலிக நினைவகம்), 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி. இந்த இஎம்எம்சி என்பது போனில் இருப்பதுபோல போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பு. நிரம்பினால் கழற்றி மாற்ற முடியாது, ரேமும் பெரும்பாலும் அப்படித்தான். விண்டோஸ் 11 உட்கார்வதற்கே குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. 64 ஜிபி உள்ள மடிக்கணினியில் மீதி என்ன இருக்கும்? ஒவ்வொரு அப்டேட்டுக்கும் படங்களை அழித்து இடம் பண்ணிக் கொடுக்க வேண்டியதுதான். இதை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று இன்டெல் என்100 போட்டது. 2023 தொடக்கத்தில் வந்த சிப், நான்கு கோர், மின்சாரம் மிகக் குறைவாகக் குடிக்கும். அதோடு 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் (இஎம்எம்சியைவிட வேகமான சேமிப்பு) இருந்தால் மேலே சொன்ன எல்லா வேலையும் தடங்கல் இல்லாமல் நடக்கும். சூடாகாது, பல மாடல்களில் விசிறிகூட இல்லை. ஒரு வருட வாரண்டி இருக்கிறது. ஆனால் அந்த வாரண்டி ஈப்போவிலோ கோலாலம்பூரிலோதான் செல்லும். அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியாமல் வையுங்கள், கூரியரில் அனுப்ப வேண்டி வரலாம். உடம்பு முழுக்க பிளாஸ்டிக், கீல்தான் பலவீனம். திரையின் ஒரு ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று திறக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கவனம்.

இனி செகண்ட் ஹேண்ட். இங்கேதான் பேச நிறைய இருக்கிறது, ஏமாறவும் நிறைய இடம் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கடையில் நின்றுகொண்டே எனக்குப் படம் அனுப்பினார். "தம்பி, ஐ7 போட்டிருக்கு, 650 வெள்ளிதான் சொல்றாங்க. எடுத்துடவா?" ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. "அக்கா, ஐ7-க்குப் பின்னால என்ன நம்பர்னு பாருங்க" என்றேன். 6600யூ. அதாவது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை, பெயர்தான் ஐ7, உள்ளே இரண்டு கோர். பக்கத்திலேயே ஐ5-8350யூ போட்ட மடிக்கணினி கொஞ்சம் கூடுதல் விலையில் இருந்தது. அது எட்டாம் தலைமுறை, நான்கு கோர். ஐ5 என்பதால் அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. 10, 11 என்று தொடங்கினால் இன்னும் புதியது. ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த எட்டு ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக அனுமதிப்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறு, ஏழாம் தலைமுறையிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடுத்த பெரிய அப்டேட் வரும்போது தெரியும்.

எட்டாம் தலைமுறையில் நம்பி எடுக்கக்கூடியவை லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லெட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018 வாக்கில் ஆபீஸ்களுக்கென்றே வந்தவை, மூன்றும் 14 அங்குலம். என்100-ஓடு வைத்துப் பார்த்தால் வேகத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை, அன்றாட வேலையில் கண்டுபிடிக்கவே முடியாது. வித்தியாசம் கட்டுமானத்தில்தான். டி480-ஐத் திருப்பிப் போட்டு ஆறேழு ஸ்குரூவைத் தளர்த்தினால் அடிமூடி கையோடு வந்துவிடும். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டி தனி. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. வெளிப் பேட்டரி செத்தால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றி, வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், கடைக்காரர்கூட வேண்டாம். கீபோர்டு, விசிறி, சார்ஜர் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கின்றன. டவுனில் போன் ரிப்பேர் பண்ணுகிறவரே இதில் கை வைப்பார். என் கேள்விக்கு மூன்று வழியில் நல்ல பதில் இதனிடம்தான் இருக்கிறது.

ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். டி480-யிலேயே 1366×768 திரை வைத்த மலிவு வகை உண்டு. பக்கவாட்டில் நின்று பாருங்கள், நிறம் வெளுத்தால் வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் 'வேலை அல்லது பள்ளிக் கணக்கு' என்ற பகுதியில் ஏதாவது கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், பிறகு அந்தக் கம்பெனி பூட்டினால் பூட்டியதுதான். விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அதுவும் வேண்டாம். பேட்டரிக்கு லெனோவோ வாண்டேஜ் செயலியில் இரண்டு எண் காட்டும்: புதுசாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு. பாதிக்குக் கீழே போயிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். சார்ஜர் முனை நம் ஊர் மூன்று முள் பிளக்கா என்பதையும் பாருங்கள். அடாப்டரோடு தொங்கும் இரண்டு முள் பிளக் சுவரில் தளர்ந்து, பொறி பறக்கும்.

குரோம்புக்கைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு, "அது கம்ப்யூட்டரே இல்லைங்க" என்பார்கள். பாதி நியாயம்தான். வைரஸ் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, 4 ஜிபி ரேமிலேயே ஓடும், திறந்த சில விநாடிகளில் தயார். கல்வி அமைச்சின் டெலிமா மாணவருக்குக் கொடுப்பது கூகுள் கணக்கு என்பதால் கிளாஸ்ரூம், டாக்ஸ் எல்லாம் இதில் இயல்பாக இருக்கும். கெட்டுப்போனால் ஊரில் யாரும் தொட மாட்டார்கள், ஆனால் மென்பொருளால் கெடுவது அபூர்வம். கணக்கைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதற்காக எல்லோருக்கும் ஆகாது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை குரோம்புக்கிலேயே இருக்கிறது. ஆனால் நம் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் கை பழகியவருக்கு இது உதவாது, அது விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான். பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கேள்வித்தாள்கள் பென்டிரைவில் குவிந்து கிடக்கும் ஆசிரியர்களுக்கும் விண்டோஸே கதி. பழைய யுஎஸ்பி பிரிண்டர் சிலவும் இதோடு பேசாது. பத்திரிகை அடிக்கிற கோயில் செயலாளர் கவனிக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் குரோம்புக் வாங்கினால் இன்னொரு பொறி. அப்டேட் எந்த வருடம் வரை என்பது மாடலிலேயே தீர்மானமானது. 2021-இலிருந்து வந்தவற்றுக்குப் பத்து வருடம் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. ஆனால் அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, அந்த மாடலின் அடித்தளம் வெளிவந்த நாளிலிருந்து ஓடும். ஏதோ ஒரு பள்ளி நிர்வாகத்தில் பதிவான குரோம்புக்காக இருந்தால், துடைத்துப் போட்டாலும் அதே பள்ளியின் பெயரோடுதான் எழுந்து நிற்கும்.

ஆக, என் காசு என்றால் எட்டாம் தலைமுறை ஆபீஸ் மடிக்கணினிக்குத்தான் போகும், மிச்சத்தில் ரேமை 16 ஆக்குவேன். கூடப் போய்ப் பார்த்துச் சொல்ல ஆளில்லை, தனியாக இருக்கும் பெரியவர் என்றால் என்100, 8 ஜிபி, புதுசு. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் என்றால், வீட்டில் இன்னொரு விண்டோஸ் இருக்கிற பட்சத்தில் குரோம்புக்.

எதை எடுத்தாலும் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினி, வாழ்க்கைமுறைச் செலவுக்கான வரி விலக்கில் வரும். புத்தகம், போன், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,500 வெள்ளி வரை. வரி இலாகா கேட்டால் காட்ட ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன வாரண்டி நாள்களையும் அதிலேயே கையால் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம், அங்கே முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான். கடை ரசீதின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.