ஏபிஐ ஃபைலை மாற்றித் தரும் டூலுக்குப் பணம் கட்டும் முன்

ஸ்வாகர் 2.0-வில் எழுதிய ஏபிஐ ஃபைலை (சர்வரிடம் எதை, எப்படிக் கேட்க வேண்டும் என்று விவரிக்கும் ஃபைல்) அந்த வடிவத்தின் அடுத்த பதிப்பான ஓப்பன்ஏபிஐ 3.0-க்கு மாற்ற கமாண்ட் லைன் டூல் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'ஒரு விவரமும் விடுபடாது' என்று போட்டிருந்ததை நம்பி நான் லைசென்ஸ் வாங்கினேன். இரண்டு வார வேலை வீணானது.

ஒரே கட்டளை, சில நொடிகளில் முடிந்தது. எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை, எக்ஸிட் கோடு 0, அதாவது பிழையில்லாமல் முடிந்தது. சர்வர் முகவரியைச் சொல்லும் ஹோஸ்ட், பேஸ்பாத் இரண்டும் சர்வர்ஸ் பகுதிக்குப் போயிருந்தன. டெஃபனிஷன்ஸில் இருந்த டேட்டா அமைப்புகளெல்லாம் காம்போனென்ட்ஸுக்குள் ஒழுங்காக வந்திருந்தன. ஃபைல் விதிமுறைப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலிடேட்டரிலும் பிழை இல்லை. சரி என்று அதிலிருந்தே கிளையன்ட் கோடை (சர்வரை அழைக்கும் நிரலை) உருவாக்கி வெளியிட்டுவிட்டோம்.

அப்புறம்தான் புகார் வந்தது. மூன்று ஆர்டர் கேட்டால் ஒன்றுதான் வருகிறதாம். எங்கள் சர்வர், ஐடிக்களை 4,7,9 என்று கமா போட்டு ஒரே பாராமீட்டரில் எதிர்பார்க்கும். புதிய கிளையன்ட் அதே பாராமீட்டரை மூன்று முறை, முறைக்கு ஒரு எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வர் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 200 (எல்லாம் சரி) என்று பதில் சொல்லிவிட்டது. லாகில் எரர் இருந்தால்தானே பிடிபடும்? நான்கு நாள் தேடினோம்.

2.0-வில் அரே (பட்டியல்) பாராமீட்டருக்கு, மதிப்புகளைப் பிரிக்கும் விதத்தைச் சொல்லும் கலெக்‌ஷன்ஃபார்மேட் எழுதாவிட்டால் கமா என்று பொருள். 3.0-வில் க்வெரி பாராமீட்டருக்கு ஒன்றும் எழுதாவிட்டால் எக்ஸ்ப்ளோடு ட்ரூ, அதாவது மதிப்புகள் தனித்தனியாகப் போகும். அதனால் எக்ஸ்ப்ளோடு ஃபால்ஸ் என்ற வரியை டூல்தான் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. பழைய ஃபைலிலும் அந்த இடம் காலி, புதியதிலும் காலி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்கு எப்படித் தெரியும்? 3.0 வெளிவந்த 2017-லேயே விதிமுறையில் இருக்கும் விஷயம் இது. காசு வாங்கி டூல் விற்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

எழுதிக் கேட்டேன். 'உருவான ஃபைல் விதிமுறைப்படி சரியாக உள்ளது' என்று இரண்டு வரியில் பதில். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இதைவிட மோசமான இன்னொன்று. ஒரு நாள் இணையம் இல்லாதபோது ஓட்டினேன், டூல் வேலை செய்யவில்லை. அப்போதுதான் புரிந்தது, ஃபைலை அவர்களுடைய சர்வருக்கு அனுப்பித்தான் மாற்றுகிறார்கள். வாங்கும்போது இதை எங்கும் சொல்லவில்லை. எங்கள் ஃபைலில் உள் சர்வர் முகவரிகள் இருந்தன, எக்ஸாம்பிளில் யாரோ விட்டுவைத்த உண்மையான டோக்கன் (சர்வருக்குள் நுழைய உதவும் ரகசியக் குறியீடு) ஒன்றும் இருந்தது. அன்றே அதை ரத்து செய்தோம்.

எந்த டூலாக இருந்தாலும் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு சின்ன ஃபைலை மாற்றிப் பாருங்கள். அதில் அரே பாராமீட்டர் ஒன்றும் ஃபைல் அப்லோடு ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். பழைய கிளையன்ட்டும் புதிய கிளையன்ட்டும் அனுப்பும் யூஆர்எல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் பத்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.