ஆம்பளைங்க பிரச்சனைக்கு ஆப்ல டாக்டர் பாக்குறவங்க ஒரு நிமிஷம், எங்களுக்கு ரூ.5,899 போச்சு, அதவிட பெருசும் போச்சு

ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஆப் பேரு போடல, போட்டா நோட்டீஸ் விடுவோம்னு ஏற்கனவே மிரட்டிட்டானுங்க. ஆம்பளைங்க அந்தரங்க பிரச்சனைக்குன்னே இருக்குற ஆப்பு, ரீல்ஸ் நடுவுல "யாருக்கும் தெரியாம வீட்டுல இருந்தே"ன்னு விளம்பரம் வருமே, அந்த வகை.

தம்பிக்கு 19 வயசு, பாலிடெக்னிக் படிக்கிறான். விடியகாலம் 3 மணி இருக்கும், தூக்கத்துல இருந்து எந்திரிச்சு அடிவயித்த புடிச்சுட்டு சுருண்டுட்டான், வாந்தி வேற. நான் சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சா, ரொம்ப நேரம் கழிச்சு மெல்ல சொல்றான், இடது பக்க விதைல வலி, கைய வைக்க முடியல, அம்மாகிட்ட சொல்லிடாதண்ணேன்னு. அவனே அந்த ஆப்ப எடுத்து நீட்டுனான், 24 மணி நேரமும் டாக்டர்னு போட்டிருந்துச்சு.

கன்சல்டேஷன் 499. வீடியோல வெள்ளை கோட்டு, கழுத்துல ஸ்டெத், பின்னாடி செவுத்துல ஃப்ரேம் போட்ட சர்டிபிகேட். குரல்ல அப்படி ஒரு கனிவு. "கூச்சப்படாம சொல்லுங்க தம்பி, என்னை உங்க அண்ணனா நெனச்சுக்கோங்க"ன்னாரு. சொந்த அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கே அப்பாடான்னு இருந்துச்சு. மொத கேள்வி, கைப்பழக்கம் இருக்கா. அடுத்தது ராத்திரி ரொம்ப நேரம் முழிப்பீங்களா. வாந்தி எடுத்தான் சார், வீங்கியிருக்கு, ஒரு பக்கம் மேல ஏறுன மாதிரி இருக்குங்கறான்னு நான் குறுக்க சொன்னேன், காதுலயே வாங்கல. "உடம்பு சூடு தம்பி, சூடு நரம்புல எறங்கியிருக்கு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வைங்க, ஒரு வலி மாத்திரை போட்டுட்டு நம்ம 45 நாள் பேக்கேஜ ஆரம்பிங்க." பேக்கேஜ் 5,400. ஆஸ்பத்திரிக்கு போகணுமா சார்னு கேட்டதுக்கு, "அங்க போனா தேவையில்லாம கத்தி வைப்பாங்க"ன்னு சிரிச்சாரு. அந்த சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது. லிங்க் வந்துச்சு, கட்டுனோம், மொத்தம் ரூ.5,899.

மத்தியானம் வலி கொறஞ்ச மாதிரி இருக்குண்ணேன்னான். எண்ணெய் வேலை செய்யுதுன்னு நெனச்சோம். வேலை செஞ்சது எண்ணெய் இல்ல, உள்ள விதை செத்துக்கிட்டு இருந்துச்சு. சாயந்திரம் விதைப்பை செவந்து கல்லு மாதிரி ஆனதும் ஆட்டோ புடிச்சு ஜி.ஹெச் கேஷுவால்டிக்கு ஓடுனோம். ட்யூட்டி டாக்டர் தொடை உள்பக்கம் லேசா தடவி பாத்தாங்க, சாதாரணமா அப்படி தடவுனா விதை தானா மேல ஏறுமாம், இவனுக்கு அசையவே இல்ல. டாப்ளர் ஸ்கேன்ல அந்த பக்கம் ரத்த ஓட்டமே கிடையாது. டார்ஷன், அதாவது விதைக்கு ரத்தம் கொண்டு போற கொடி முறுக்கிக்கிறது. 12ல இருந்து 18 வயசு பசங்களுக்குத்தான் அதிகம், அதுக்கு மேலயும் வரும், தூக்கத்துலயே கூட வரும். 6 மணி நேரத்துக்குள்ள பிரிச்சு விட்டா பெரும்பாலும் காப்பாத்திடலாம், 12 மணி நேரமானா பாதிக்கு பாதி, ஒரு நாள் தாண்டுனா காப்பாத்துறது ரொம்ப அபூர்வம்னாங்க. திறந்து பாத்தப்ப கருப்பா இருந்துச்சு, எடுத்துட்டாங்க. வலது பக்கமும் அதே மாதிரி முறுக்கிக்காம இருக்க தைச்சு விட்டிருக்காங்க. ஒண்ணு இருந்தாலே கல்யாணம் கொழந்தைக்கெல்லாம் பிரச்சனை இல்லன்னு சர்ஜன் சொன்னாங்க, அவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான். ஆபரேஷனுக்கு ஜி.ஹெச்ல ஒத்த ரூபா வாங்கல. ஆனா அந்த ஆப்புக்கு ரூ.5,899!

கஸ்டமர் கேர் கூத்த கேளுங்க. மொதல்ல "உங்க அனுபவத்துக்கு வருந்துகிறோம்", அப்புறம் "பேக்கேஜ் டிஸ்பேட்ச் ஆயிடுச்சு சார், ரீஃபண்ட் கிடையாது", அப்புறம் "நாங்க குடுக்குறது வெல்னஸ் ஆலோசனைதான், சிகிச்சை இல்ல". அந்த டாக்டரோட பதிவு எண் குடுங்கன்னு கேட்டேன், டிக்கெட்ட மூடிட்டானுங்க. 2020ல வந்த டெலிமெடிசின் (போன், வீடியோல டாக்டர் வைத்தியம் பாக்குறது) விதிப்படி பதிவு எண்ண காட்டணும், எமர்ஜென்சின்னா உடனே நேர்ல போகச் சொல்லணும். இதெல்லாம் யாரு கேக்குறா. ஆபரேஷன் முடிஞ்சு அவன் படுத்து கெடக்குறப்ப கொரியர் வருது, மூணு டப்பா கேப்சூல், ஒரு எண்ணெய் பாட்டில், அஞ்சு ஸ்டார் போடுங்கன்னு ஒரு சீட்டு.

எப்படி கண்டுபிடிக்கறதுன்னு வெலாவாரியா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல, முக்கியமானது மட்டும். திடீர்னு ஒரு பக்கம் விதை வலி, கூடவே வாந்தின்னா வீடியோ கால் வேணாம், நேரா சர்ஜன் இருக்குற ஆஸ்பத்திரி. பசங்க வெக்கத்துல அடிவயிறு வலின்னுதான் சொல்லுவாங்க, கீழயும் வலிக்குதான்னு கேளுங்க. மெதுவா வலி ஏறி காய்ச்சல், மூத்திர எரிச்சல்னா கிருமியா இருக்கலாம், அதையும் டாக்டர்தான் சொல்லணும், நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆணுறுப்பு வெறப்பு 4 மணி நேரம் அடங்கலன்னாலும் எமர்ஜென்சிதான். சுகர் இருக்குறவங்களுக்கு அந்த எடத்துல தோல் கருத்து நாத்தம் அடிச்சா உசுருக்கே ஆபத்து, 108 கூப்பிடுங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் போட்டாச்சு, ரூ.5,899 வந்தாலும் வரலன்னாலும் விடப்போறதில்ல. நர்ஸம்மா கூப்பிடுறாங்க, டிரஸ்ஸிங் மாத்தணுமாம், வரேன்.