அழைத்து வருவதா, ஊரிலேயே விடுவதா, முதியோர் குடியிருப்பா?

பெற்றோர் எழுபத்தைந்தைத் தாண்டியதும், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமா? ஊரில் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமா? கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பில் வீடு பார்க்கலாமா? உறவினர்களைக் கேட்டால் கூசாமல் முதலாவதைச் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகப்போவது அவர்கள் இல்லையே.

அழைத்து வருவதில் செலவு குறைவு, மருத்துவமனை பக்கம், மனத்துக்கும் நிம்மதி. ஆனால் தென்காசியில் விடிந்ததும் டீக்கடைக்கு நடந்து, பேப்பர் படித்து, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு வந்த மனிதர், ஐந்தாவது மாடியில் லிஃப்டுக்குப் பயந்து பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். மூன்றே மாதத்தில் நடை தளர்ந்துவிடும். அதற்கு வயதின் மேல் பழி போடுவோம்.

இன்னொரு செலவு கணக்கிலேயே வராது. பெரும்பாலும் அது மருமகளின் உத்தியோகம். மகப்பேறுக்குச் சட்டம் 26 வாரம் தருகிறது. மாமியாரின் இடுப்பு எலும்பு முறிந்தால் தனியார் ஊழியருக்கென்று அப்படித் தனி விடுப்பு எதுவும் கிடையாது. இருக்கிற விடுப்பைக் கரைக்க வேண்டும், கரைந்ததும் ராஜினாமாப் பேச்சு வரும். மகன் ராஜினாமா செய்யட்டும் என்று எந்த வீட்டிலாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

ஊரிலேயே விடுவதை நான் அவ்வளவு குறைவாக மதிப்பிட மாட்டேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றிதழைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்கிறார். சிக்கல், நாம் அமர்த்தும் ஆளிடம்தான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் இரவுக்கு இன்னொருவர் வேண்டும். பொங்கலுக்கு இருவருமே ஊருக்குப் போய்விடுவார்கள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த செய்தி மாலையில் வந்தால், பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தாலும் போய்ச் சேர்வது மறுநாள் காலைதான். சாவி ஒன்றை வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவர் இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம்.

முதியோர் குடியிருப்பைச் சாபம்போல் பேசுவது பழைய பழக்கம். இருவரும் நடமாடுகிறார்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் அது நல்ல வழி. சமையல் இல்லை, பேச்சுத் துணைக்குக் குறைவில்லை, நர்ஸும் உண்டு. பளபளப்பான கையேட்டை மூடிவைத்துவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: படுத்த படுக்கையானால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா? தம்மைத் தாமே கவனித்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மிகவும் முடியாத நேரத்தில் மறுபடி முதல் கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

மூன்றில் எது என்பதை உடல்நிலைதான் முடிவு செய்ய வேண்டும். நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டால் தனியே விட முடியாது. காஸ் அடுப்பு ஒன்று போதும் விபரீதத்துக்கு. ஆனால் நன்றாகத் தடுமாறிய பிறகு இடம் மாற்றுவது அதைவிடக் கொடுமை. பழைய வீட்டில் கழிப்பறை இருந்த திசையில், புது வீட்டுச் சுவரை இரவெல்லாம் தடவிக்கொண்டிருப்பார்கள். அழைத்து வருவதாக இருந்தால் தெளிவாக இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடு அழைத்து வர வேண்டும்.

அப்போதும் ஒரே வீடுதான் என்று இல்லை. இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் சின்ன வாடகை வீடு. என் ஓட்டு இதற்குத்தான். அவர்கள் சமையல் அவர்களுக்கு, டிவி சத்தமும் அவர்கள் இஷ்டம், நம் அலுவலகத் தொலைபேசிப் பேச்சுக்கு அவர்கள் மூச்சடக்கி உட்கார வேண்டியதில்லை. வாடகையை வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் ஏற்கட்டும். பக்கத்தில் இருப்பவர் உழைப்பைத் தருகிறாரே. முன்பணம் கொடுக்கும் முன், குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்த வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள்.