இரட்டையர் முரணுக்கு ஜியோஜீப்ரா: படம் கச்சிதம், நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம்

இரட்டையரில் ஒருத்தி ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்துவிட்டுத் திரும்பினால், வீட்டிலிருந்தவளைவிட இளமையாக இருப்பாள். இந்த இரட்டையர் முரணை வாயால் எவ்வளவு விளக்கினாலும், "விண்கலத்தில் இருப்பவளுக்குப் பூமிதானே நகர்ந்தது?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். காலவெளிப் படம் வரைந்தால்தான் அது அடங்கும். அதை வரைந்து ஆட்டிப் பார்க்க ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் அருமையான கருவி. பிரவுசரிலேயே ஓடும், சொந்தமாகப் படிப்பவர்களுக்கு இலவசம். ஆனால் ஓரிடத்தில் காலை வாரிவிடும்.

கிடை அச்சு தூரம், ஒளியாண்டில். செங்குத்து அச்சு காலம், ஆண்டில். அச்சு விகிதத்தை முதலிலேயே 1:1 எனப் பூட்டிவிடுங்கள்; அது கலைந்தால் ஒளியின் கோடு 45 பாகையில் நிற்காது. வேகம் 'வி'-க்கு (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0 முதல் 0.95 வரை ஒரு ஸ்லைடர். புள்ளிகள் ஏ (0, 0), பி (5 × வி, 5), சி (0, 10). வேகம் 0.8 என்றால் பி 4 ஒளியாண்டு தூரத்தில் விழும். ஏ–சி வீட்டிலிருக்கும் தங்கை, ஏ–பி–சி போய்த் திரும்பும் அக்கா.

இப்போது ஏ–பி துண்டின் நீளத்தைக் கேட்டால் 6.4 என்று காட்டும். அது பிதாகரஸ் கணக்கு, வர்க்கங்களைக் கூட்டுகிறது. காலவெளியில் கழிக்க வேண்டும்: 25-இல் 16 போக 9, அதன் வர்க்கமூலம் 3. போக 3, வர 3, ஆக அக்காவுக்கு 6 ஆண்டு; தங்கைக்கு 10. கண்ணுக்கு நீளமாகத் தெரியும் பாதையில்தான் கடிகாரம் குறைவாக ஓடுகிறது. இந்தச் சூத்திரத்தைத் தனி வரியாக நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும்.

கருவி தன் மதிப்பைக் காட்டுவது அடுத்த படியில். பி வழியாக 0.8 சாய்வில் ஒரு கோடு போடுங்கள். போகும்போது அக்காவின் 'இப்போது' அதுதான்: அவள் பி-யை அடையும் அதே கணத்தில் நடப்பதாக அவள் கணக்கிடுவதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும். தங்கையின் அச்சை (ஏ–சி) 1.8-இல் வெட்டும். திரும்பும்போது சாய்வு −0.8, வெட்டுவது 8.2-இல். அக்காவின் கணக்கில் தங்கையின் கடிகாரம் போகும்போது 1.8, வரும்போது 1.8 மட்டுமே ஓடியது. இடையில், பி-யில் திரும்பும்போது 'இப்போது' கோடு மாறுவதால் விடுபட்ட 6.4 ஆண்டுதான் முரணின் முடிச்சு. (முன்பு வந்த 6.4-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்லைடரை 0.6-க்கு நகர்த்தினால் ஒன்று 5.83, மற்றது 3.6 எனப் பிரிந்துவிடும்.)

தங்கை ஆண்டுக்கொரு ஒளித்துடிப்பு அனுப்புவதாகவும் சேர்க்கலாம். முதல் துடிப்பு சரியாக பி-யில் வந்து முட்டும். மீதி 9-ம் திரும்பும் வழியில். முடிவில்லாக் கோடுகளாகப் போட்டால் திரை நிறைந்துவிடும், துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

பி-யில் உள்ள முனை கூர்மையாக இருப்பதை, அதாவது கலம் நொடியில் திரும்பிவிடுவதை, ஒரு குறையாகச் சொல்வார்கள். அங்கே யாரும் திரும்பாமல், எதிரே வரும் இன்னொரு கலம் அக்காவின் கடிகார நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தாலும் அதே 6 ஆண்டுதான். மொபைலில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஸ்லைடரும் சூத்திர வரிகளும் படத்தை மறைத்துவிடும்.